பின்னால் வரும் மணி

ஜூலை 30, செவ்வாய். திருச்சி

மூட்டை கட்டி முடித்தாயிற்று. சைக்கிளில் போகிறவர்களுக்கு இவ்வளவு மூட்டை எதற்கு என்று இவர் கேட்கிறார். கேட்பார். பிரஷர் பார்க்கிற மிஷின், இவருடைய காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், குளுக்கோஸ், இரண்டு பேருக்கும் மாற்றுத் துணி. இதில் எதை விடுவது?

இவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இன்னும் ஒரு வருஷம் முழுசாக ஆகவில்லை. அதற்குள் கல்லணையிலிருந்து பூம்புகார் வரைக்கும் காவிரிக்கரையோடு சைக்கிளில் போக வேண்டுமாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் நாளைக்குக் கல்லணைக்கு வருகிறது. அந்தப் புதுத் தண்ணீரோடு சேர்ந்து கடல் வரைக்கும் போவதுதான் திட்டம். "மேடே கெடையாது டீச்சரம்மா. ஆறு எப்புடி எறங்குதோ அப்புடியே நாமளும் உருண்டு போயிட வேண்டியதுதான்" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் இவருக்கு டீச்சரம்மாதான். திலகவதி என்கிற பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்.

சமதரையில் மெதுவாகச் சைக்கிள் விட்டால் நல்லதுதான் என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் மனுஷன். பெண் கயல்விழி பெங்களூரிலிருந்து போனில் கத்தினாள். "வழியில அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னம்மா பண்ணுவே?" நான் எதற்கு இருக்கிறேன்? பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளை எத்தனை தூக்கி நிறுத்தியிருப்பேன்.

நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைதான் எல்லாவற்றிலும் முக்கியம். பையில் போட்டால் அவசரத்துக்குக் கையில் அகப்படாது. அட்டையோடு கத்தரித்து, சின்னத் துணிப்பையில் போட்டு, என் தாலிச் சங்கிலியில் கிடக்கிற ஊக்கோடு சேர்த்துக் கோத்துவிட்டேன். இதைவிடப் பத்திரமான இடம் ஏது?

எனக்குக் கடைவாய்ப் பக்கம் தாடை இழுத்துப் பிடிக்கிறது. பல் டாக்டர் பல்லில் ஒன்றுமே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்ன படித்தாரோ.

ஜூலை 31, புதன். திருக்காட்டுப்பள்ளி

கல்லணையில் திருவிழாக் கூட்டம். மதகைத் தூக்கியதும் ஆளாளுக்குப் பூவைத் தூவினார்கள். தண்ணீர் நுரையும் குப்பையுமாகக் காய்ந்த மணலைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. இவர் குழந்தை மாதிரி கைதட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன்.

இவருக்குக் கழுத்தில் தேய்மானம். திரும்பிப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் முறை இதுதான் என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டேன். இவர் முன்னால், நான் பின்னால். கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது நான் மணியை இரண்டு தரம் அடிப்பேன். பின்னால்தான் இருக்கிறேன் என்று அர்த்தம். இவர் இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டது என்று அர்த்தம். "விசில் கொண்டாரலியா டீச்சரம்மா?" என்றார். கொண்டுவந்திருக்கலாம்.

சாலை ஆற்றங்கரையோடு தேமே என்று போகிறது. ஒரு பக்கம் புளியமரமும் ஆறும், இன்னொரு பக்கம் வாழைத்தோப்பு. மிதிப்பதே தெரியவில்லை. நான் சாலையைப் பார்க்கவில்லை, இவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். சட்டை வேர்வையில் ஒட்டுகிறதா, தோள் சரிகிறதா, கை நெஞ்சுக்குப் போகிறதா. ஒரு தடவை கை போனது. எனக்கு உயிரே போய்விட்டது. சட்டைப் பையில் செல்போன் அடித்ததாம்.

ராத்திரி இவருடன் வேலை பார்த்தவர் வீட்டில் தங்கல். வேர்க்கடலைச் சுண்டல் கொடுத்தார்கள். எனக்கு வாயு பிடித்துக்கொண்டது. முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே. ஓம வாட்டர் குடித்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன். திருவையாறு

காலையில் இவருக்குப் பிரஷர் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. "உனக்கும் பாத்துக்கயேன்" என்று கையை நீட்டச் சொன்னார். பாட்டரி தீர்ந்தால் இந்த ஊரில் எங்கே போய் வாங்குவது? மிஷினை உறையில் போட்டுவிட்டேன்.

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். இவர் நேற்றைவிட மெதுவாகப் போகிறார். நன்றாகவே தெரிகிறது. காலையில் கிளம்பியபோது ஜோராகத்தான் மிதித்தார். ஏழெட்டுக் கல் தாண்டியதும் தளர்ந்துவிட்டார். கல்லைத் தாண்டி நான் மணி அடித்தால் கை தூக்குகிறார், உடனே வேகம் குறைகிறது. ஒரு வாத்துக் கூட்டம் வயலில் மேய்ந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று இறங்கி நின்றுவிட்டார். வாத்தைப் பார்க்கிற ஆளா இவர்? மூச்சு வாங்கியிருக்கும். என்னிடம் சொல்லாமல் மறைக்கிறார்.

அவர் நின்றது எனக்கும் வசதியாகப் போயிற்று, மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன். என் சைக்கிள் செயின் இறுக்கமாக இருக்கிறது போலிருக்கிறது. இவ்வளவு கனமாக மிதிபடாதே.

கயல் போன் செய்தாள். அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, தூங்கினாரா. எல்லாம் சொன்னேன். மெதுவாகப் போவதை மட்டும் சொல்லவில்லை. வைக்கப் போகும்போது, "நீ எப்படிம்மா இருக்கே? குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றாள். எனக்கென்ன கேடு?

புதுத் தண்ணீர் எங்களுக்கு முன்னாலேயே திருவையாற்றுக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 2, வெள்ளி. சுவாமிமலை

இன்றைக்கு இவர் எத்தனை தடவை நின்றார் என்று சொன்னால் சிரிப்பார்கள். இளநீர் குடிக்க. வெற்றிலைக் கொடிக்காலைப் போட்டோ எடுக்க. செருப்பு வாரை இழுத்து மாட்ட. கபிஸ்தலத்துக்குப் பக்கத்தில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, "தண்ணி பச்சையா இருக்குல்ல?" என்றார். தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. இவருக்குக் கண்ணும் மங்குகிறதா?

"நெஞ்சு ஏதாச்சும் பண்ணுதா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீதான் மூஞ்சி வெளிறிப் போயிருக்கே."

"பேச்சை மாத்தாதீங்க."

"திலகா, வேணும்னா பஸ்ஸுல திரும்பிடுவோமா?"

திலகா என்று கூப்பிட்டதும் எனக்குப் பகீரென்றது. இந்தப் பயணத்துக்காக மாசக்கணக்காக ஒற்றைக்காலில் நின்ற மனுஷன், தானே திரும்பிப் போகலாம் என்கிறார் என்றால் உள்ளுக்குள் எவ்வளவு முடியாமல் இருக்க வேண்டும்? உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முகத்தைப் பார்த்தேன். பூம்புகாரை விட்டுவிட்டுத் திரும்பினால் இவர் மனசே உடைந்துவிடும். "நாளைக்கு ஆடிப்பெருக்கு, கும்பகோணத்துல காவேரிக்குக் கும்பிட்டுட்டு முடிவு பண்ணுவோம்" என்று தள்ளிப் போட்டேன்.

சுவாமிமலை முருகனைக் கீழே இருந்தே கும்பிட்டோம். "நான் ஏறிடுவேன்" என்று இவர் இரண்டு படி ஏறியும் விட்டார். இந்த உடம்போடு அத்தனை படியா என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன். எனக்கே ஏறப் பிடிக்கவில்லை, அது வேறு.

வாயு இன்னும் போகவில்லை. இஞ்சி மரப்பா வாங்கிச் சாப்பிட்டேன். கை விரல் மரத்துப்போகிறது. ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிப்பதால் இருக்கும்.

ஆகஸ்ட் 3, சனி. கும்பகோணம்

ஆடிப் பதினெட்டு. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. கும்பிட்டு முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று காலையிலிருந்து விரதம். இவர் சுவாமிமலையிலிருந்து கிளம்பும்போதே, "ஒரு வாய் காப்பியாவது குடிச்சிட்டு வாயேன்" என்று பின்னாலேயே வந்தார். யாருக்காக விரதம் இருக்கிறேன் என்று இவருக்குத் தெரியாதா என்ன.

வாழையிலையில் காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி எல்லாம் வைத்து ஆற்றில் விட்டேன். "இவர் நல்லபடியா கடல் வரைக்கும் போய்ச் சேரணும் தாயே. ஏதாவது எடுத்துக்கறதா இருந்தா என்கிட்டேருந்து எடுத்துக்க" என்று வேண்டிக்கொண்டேன். இதை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார்.

பக்கத்தில் நின்ற பெண்ணை மஞ்சள் கயிறு கட்டிவிடச் சொன்னேன். பின்னால் வந்து முடிச்சுப் போட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "என்னக்கா இது, கழுத்து ஜில்லுன்னு இருக்கு. இப்புடி வேர்த்து ஊத்துதே?"

"வெயிலும்மா."

"எங்கக்கா வெயிலு? மேகம் மூடிக் கெடக்கு. இந்தாங்க, இந்த எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க. கொஞ்சம் ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். வெறும் வயிறு, அதனால்தான். மேலே படியில் நின்றபடி இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்தே இவர் முகம் வாடியிருப்பது தெரிந்தது. பாவம், முடியவில்லை இவருக்கு.

லாட்ஜுக்கு வந்ததும் முடிவெடுத்தேன். மாயவரத்தோடு நிறுத்திக்கொள்வது. அங்கிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றித் திருச்சிக்குத் திரும்பிவிடுவது. "உங்களால முடியல, எனக்குத் தெரியும்" என்று சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இவரோ உடனே தலையை ஆட்டினார். "ஆமா, என்னால முடியல. நாளைக்கே ரயில் ஏறிடுவோம். மாயவரம் வரைக்கும்கூட வேணாம், இங்கேருந்தே போயிடுவோம்" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் பயமாக இருக்கிறது. நான்தான் மாயவரம் வரைக்கும் போகலாம் என்று அழுத்திச் சொன்னேன். ஆசைப்பட்டதில் முக்கால்வாசியாவது பார்த்த மாதிரி இருக்கட்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கிளம்புகிறோம். ராத்திரி சரியாகத் தூக்கமில்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. லாட்ஜ் தலையணை கல் மாதிரி. மாத்திரைப் பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.

ஆகஸ்ட் 7, புதன். தஞ்சாவூர்

நர்ஸ் பேனா கொடுத்திருக்கிறது. கொஞ்ச நேரம்தான் எழுத வேண்டுமாம்.

படுத்திருப்பது நான்.

ஆடுதுறை தாண்டி ஒரு வளைவு. அந்தக் கிலோமீட்டர் கல் எனக்குத் தெரிகிறது. அதன் மேல் யாரோ துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். கட்டை விரல் மணியில்தான் இருந்தது, அழுத்த வரவில்லை. யாரோ நெஞ்சின் மேல் நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை, புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இவர் முதுகு சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. ஐயோ, இந்த நேரத்தில் இவருக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்பதுதான் எனக்கு வந்த நினைப்பு. சாமி சத்தியமாக அதுதான்.

இவர் நின்றார். கழுத்தைத் திருப்ப முடியாதல்லவா, சைக்கிளையே நடுரோட்டில் திருப்பிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகிறார், முடியாமல் போகிறார் என்று நான்கு நாளாக நான் மருகிக்கொண்டிருந்த மனுஷன், வெறி பிடித்த மாதிரி மிதித்துக்கொண்டு வந்தார்.

"வாயு. ஒரு சோடா வாங்கிட்டு வாங்க" என்றேன்.

இவர் என் கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்து ஊக்கைப் பிரித்தார். முந்தின நாள் கட்டிய மஞ்சள் கயிறும் அதோடு சிக்கிக்கொண்டது.

"ஏங்க, அது உங்க மாத்திரைங்க! உங்களுக்கு வேணுமேங்க!"

"வாயத் தொற."

"உங்களுக்கு வச்சிருக்கேன்..."

"வாயத் தொறடி!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. திறந்தேன். நாக்குக்கு அடியில் வைத்தார்.

ரோட்டோர டீக்கடைக்கார அம்மா ஓடி வந்து ஒரு குட்டியானையை மறித்தது. வாழையிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போன வண்டி. இலைக் கட்டின் மேலேயே என்னைப் படுக்கவைத்தார்கள். கும்பகோணத்தில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எனக்கு. இவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு.

அடுத்தவர் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று டாக்டர் முதலில் இவரைத் திட்டினாராம். அப்புறம், நேரத்தை வீணாக்காமல் கொண்டுவந்தீர்களே என்று தோளைத் தட்டினாராம். என்னிடம், "எத்தனை நாளாம்மா வலி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"அன்னிக்குத்தான் டாக்டர், திடீர்னு" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கயல் வந்து அழுது தீர்த்தாள். "அப்பாவையே கேட்டுட்டு இருந்தேனேம்மா, உன்னைக் கேக்கவே இல்லையே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். நானும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

பார்வையாளர் நேரத்தில் இவர் வந்தார். தாடி முளைத்துவிட்டது. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டதற்கு, கயல் பார்த்துக்கொள்கிறாள் என்றார். கொஞ்ச நேரம் போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அந்த வாத்து," என்றேன். "அதை எதுக்குப் பாத்தீங்க?"

"எந்த வாத்து?"

"திருவையாறு போறப்ப எறங்கி நின்னீங்களே. மூச்சு வாங்குனதாலதானே?"

"எனக்கா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மொத நாளு கல்லத் தாண்டுன ஒடனே மணி கேட்டுது. எனக்குப் பின்னாடியே வந்தே. மறுநாளு கல்லத் தாண்டி நான் ரொம்ப தூரம் போனப்பறம்தான் மணி வருது. வர வர இன்னும் தள்ளிப் போச்சு. அதான் மெதுவாப் போனேன். அப்பவும் நீ கிட்ட வர்ல. அதான் எறங்கி எறங்கி நின்னேன்."

இவர் மெதுவாகப் போகிறாரே, மெதுவாகப் போகிறாரே என்று ஒவ்வொரு கல்லுக்கும் நான் செத்துச் செத்துப் பிழைத்தது இதற்கா? என் வேகத்தைத்தான் நான் இவர் முதுகில் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. பிரஷர் பாத்துக்கன்னேன், மூஞ்சி வெளிறிப் போச்சுன்னேன், திரும்பிடுவோமான்னேன். பி.டி. டீச்சர்கிட்ட இதுக்கு மேல எப்புடிச் சொல்றது?" மூக்கை உறிஞ்சினார். "கடைசியில என்னால முடியலன்னு பொய்யும் சொல்லிப் பாத்தேன். அப்பவும் மாயவரம் வரைக்கும்னு நின்னே."

அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அழுதேன். இவரும் அழுதார். பக்கத்துப் படுக்கை அம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"தண்ணி?" என்று கேட்டேன்.

"பூம்புகாருக்குப் போயிடுச்சாம். அடுத்த வருஷம் போவோம். நீ முன்னாடி, நான் பின்னாடி."

அடுத்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். ஏதாவது கேட்காவிட்டால் எனக்கு ஆகாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பெண்கள் வார்டு, அதனால் இவர் உள்ளே தங்கக் கூடாது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் கயலோடு காரில் ஆடுதுறைக்குப் போய், டீக்கடையில் கிடந்த சைக்கிள்களைப் பார்த்துவிட்டு வந்தாராம். என் சைக்கிள் மணியைக் கழற்றிக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"ஏதாச்சும்னா ரெண்டு தரம் அடி. வெளியிலதான் இருக்கேன்."

"ஆஸ்பத்திரியில சைக்கிள் மணியா? மானம் போகும்" என்றேன். நர்ஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டது.

டாக்டர் வந்தபோது வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்போது நிஜமாகவே இல்லை.

ஆகஸ்ட் 10, சனி. மத்தியானம்

கஞ்சி கொடுத்தார்கள். உப்பே இல்லை. கயல் லாட்ஜுக்குக் குளிக்கப் போயிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் தூங்குகிறார்கள், மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றுகிறது.

கொஞ்ச நேரமாகத் தாடை இழுக்கிறது. அதே பக்கம். தோள்பட்டைக்குக் கீழேயும் லேசாக இருக்கிறது. கஞ்சி குடித்த வாயு என்று எழுத வந்தேன். அந்த வார்த்தையை எழுதப் பேனா வரவில்லை. வலி. வலிக்கிறது. பயமாகவும் இருக்கிறது, எனக்காகத்தான் பயமாக இருக்கிறது.

மணியை அடித்துவிட்டேன். இரண்டு தரம். வார்டு முழுக்க எழுந்து பார்க்கிறது, பார்க்கட்டும். நர்ஸ் எழுந்து வருகிறது. அதற்கு முன்னாலேயே வராந்தாவில் செருப்புச் சத்தம். ஓடி வருகிறார். ஸ்டென்ட் வைத்த உடம்பு, ஓடக் கூடாது. வந்ததும் முதலில் அதற்குத்தான் திட்ட வேண்டும்.